41 நாளா? 351 நாளா?



2025ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் தேதி தொடங்கிய மழை சிங்கப்பூரை நான்கு நாட்கள் நனைத்தது. முதல் இரண்டு நாட்களிலேயே சாங்கியில் 255.2 மில்லிமீட்டர் மழை பதிவானது. ஜனவரி மாதம் முழுவதற்குமான சராசரியே 222.4 மில்லிமீட்டர்தான். மழையோடு குளிரும் சேர்ந்துகொண்டது. கிளமெண்டி அடுக்குமாடி வீடுகளில் மின்விசிறி நின்றது. ஈரச்சந்தைக்குப் போனவர்கள் கம்பளிச் சட்டையைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்கள். அந்த நாட்களில் இளையர் பலர் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. “பூமி சூடாகிறது என்று பள்ளியில் சொல்கிறார்களே, இங்கே நடுங்குகிறதே?”

கேள்வியில் தவறில்லை. வானிலையையும் பருவநிலையையும் ஒன்றாக எண்ணிவிடுவதுதான் சிக்கல். இன்று வெளியே போகக் குடை வேண்டுமா என்பது வானிலை. இந்த வீட்டில் மொத்தம் எத்தனை குடை வாங்கி வைக்க வேண்டும் என்பது பருவநிலை. ஒரு நாள் குளிரையோ ஒரு வாரத்து வெயிலையோ வைத்துப் பருவநிலையைச் சொல்ல முடியாது. குறைந்தது 30 ஆண்டுக் கணக்கை அடுக்கி வைத்துச் சராசரி பார்த்தால்தான் தெரியும். அதற்காகத்தான் தீவு முழுவதும் வானிலை நிலையங்கள் இருக்கின்றன. கிளமெண்டி ரோட்டில், நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரி இருக்கும் இடத்திலும் ஒன்று இருக்கிறது. பேருந்தில் அந்த வழியே தினமும் போகிற மாணவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்பது வேறு விஷயம்.

அப்படிச் சேர்த்து வைத்த கணக்கு என்ன சொல்கிறது? 1948 முதல் 2016 வரை சிங்கப்பூரின் வெப்பநிலை பத்தாண்டுக்குச் சராசரியாக 0.25 டிகிரி செல்சியஸ் உயர்ந்தது. இது உலகச் சராசரியைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. 2016, 2019, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளும் 28.4 டிகிரி ஆண்டுச் சராசரியோடு மிக வெப்பமான ஆண்டுகள் என்ற இடத்தைப் பகிர்ந்துகொண்டிருக்கின்றன. 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. 1983 ஏப்ரலில் தெங்காவில் பதிவான அதே உச்சம் 40 ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் வந்தது.

“கால் டிகிரிக்கா இவ்வளவு பேச்சு?” என்று தோன்றலாம். காலையில் 26, மதியம் 33 என்று ஒரே நாளில் ஏழு டிகிரி ஏறி இறங்கும் ஊரில் கால் டிகிரி யாருக்கும் உறைக்காது. ஆனால் உலகச் சராசரி என்பது வேறு வகைக் கணக்கு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், உலகச் சராசரி வெப்பநிலை இன்றைக்குக் காட்டிலும் ஏறத்தாழ ஐந்தாறு டிகிரிதான் குறைவாக இருந்தது. அந்த ஐந்தாறு டிகிரி என்ன செய்தது? கடல் நீர் பனிப்பாறையாக நிலத்தின் மேல் உறைந்து நிற்க, கடல் மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே கிடந்தது. மலாயா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நிலப்பரப்பு. இன்று படகேறிப் போகும் பாத்தாமுக்கு அன்று நடந்தே போயிருக்கலாம். ஐந்தாறு டிகிரிக்கு உலக வரைபடமே வேறு என்றால், ஒன்றரை டிகிரியை அலட்சியம் செய்ய முடியாது. தொழிற்புரட்சிக்கு முந்திய காலத்தோடு ஒப்பிட்டால் 1.5 டிகிரி எல்லையைத் தாண்டிய முதல் ஆண்டு 2024.

சரி, இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? சூரியனிடமிருந்துதான். அதில் மாற்றமில்லை. சூரிய ஒளி காற்றைக் கடந்து வந்து தரையையும் கடலையும் சூடாக்குகிறது. சூடான தரை அந்த வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத கதிராக மேலே திருப்பி அனுப்புகிறது. மாலை ஆறு மணிக்கு வீவக புளோக்கின் மேற்குப் பக்கச் சுவரருகே கையை வைத்துப் பாருங்கள். தொடாமலே உள்ளங்கையில் சூடு தெரியும். அதுதான் அந்தக் கதிர். அதை அகச்சிவப்புக் கதிர் என்பார்கள். உள்ளே வரும் சூரிய ஒளியைத் தடுக்காமல் விடும் சில வாயுக்கள், வெளியே போகும் இந்த அகச்சிவப்புக் கதிரை மட்டும் பிடித்துக்கொள்கின்றன. பிடித்ததில் ஒரு பகுதியைத் தரையை நோக்கியே திருப்பி அனுப்புகின்றன. நீராவி, கரியமில வாயு, மீத்தேன் ஆகியவை இந்த வகை. போர்வை போர்த்திக்கொண்டு படுத்தவரை நினைத்துக்கொள்ளலாம். போர்வை சொந்தமாகச் சூடு உண்டாக்குவதில்லை. உடம்புச் சூடு வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

இந்தப் போர்வை கெட்டது என்று எண்ணிவிட வேண்டாம். அது அறவே இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை சைபருக்குக் கீழே 18 டிகிரியாக இருக்கும். போர்வை இருப்பதால்தான் சுமார் 15 டிகிரி. உயிர்கள் வாழ்வதே அதனால்தான். சிக்கல் போர்வை தடித்துக்கொண்டே போவதில் இருக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன்பு காற்றில் பத்து லட்சம் மூலக்கூறுகளுக்கு 280 என்ற அளவில் கரியமில வாயு இருந்தது. 1958இல் சார்லஸ் கீலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது அது 315 ஆகியிருந்தது. 2025 மே மாதத்தில் அதே மலையில் 430ஐத் தாண்டியது.

பத்து லட்சத்தில் 430 என்றால் நூற்றுக்கு வெறும் 0.043தான். இத்தனை சொற்பம் இத்தனை பெரிய வேலையைச் செய்யுமா? தமிழர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. ஒரு பானைப் பாலில் ஒரு கரண்டி உறைமோர் விடுகிறார்கள். விடிந்தால் பானை முழுவதும் தயிர். மிச்சம் 99 பங்கு பால் என்ன செய்தது என்று யாரும் கேட்பதில்லை. காற்றில் 78 பங்கு நைட்ரஜன், 21 பங்கு ஆக்சிஜன். இவை இரண்டும் அகச்சிவப்புக் கதிரைக் கண்டுகொள்வதில்லை. கண்டுகொள்கிற வாயு கொஞ்சமாக இருந்தாலும் அதுவேதான் கணக்கு.

இன்னொரு சந்தேகமும் வரும். சூரியனே கொஞ்சம் கூடுதலாக எரிகிறதோ? நல்ல சந்தேகம். விஞ்ஞானிகளும் அதைத்தான் முதலில் பார்த்தார்கள். சூரியன் காரணம் என்றால் தரையருகே உள்ள காற்றும் மேலே உள்ள காற்றும் சேர்ந்தே சூடாக வேண்டும். ஆனால் தரையருகே சூடு ஏற, 20 கிலோமீட்டருக்கு மேலே உள்ள அடுக்கு குளிர்ந்துவருகிறது. போர்வைக்கு உள்ளே சூடு, வெளியே குளிர். காற்றில் கூடும் கரி இன்றைய மரம் செடிகளிலிருந்து வந்ததாக இருக்குமோ என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது. உயிருள்ள மரம் செடியில் ஒரு வகைக் கதிரியக்கக் கரி சிறிதளவு இருக்கும். பல லட்சம், கோடி ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது முற்றாகத் தேய்ந்து போயிருக்கும். காற்றில் சேர்ந்த கூடுதல் கரியில் அந்தப் பழைய கரியின் அடையாளம் இருக்கிறது. எரிமலையும் காரணமல்ல. எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு விடுவது மனிதர் எரித்து விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

இந்தக் கதையில் ஒரு தமிழருக்கு முக்கியமான இடம் உண்டு. பாடப்புத்தகங்கள் அவரைச் சொல்வது குறைவு. வீரபத்ரன் ராமநாதன் 1944இல் பிறந்தவர். பதினோரு வயதில் குடும்பத்தோடு பெங்களூருக்குப் போனார். அதுவரை தமிழில் படித்த பையனுக்கு அங்கே எல்லாம் ஆங்கிலம். ஆசிரியர் சொல்வது புரியாததால் கவனிப்பதையே விட்டுவிட்டதாகவும், எதையும் தானாகவே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்றும் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து 1965இல் வெளியே வந்தார். வேலை கிடைத்தது செகந்திராபாத்தில், குளிர்பதனப் பெட்டி செய்யும் நிறுவனம் ஒன்றில். பெட்டிக்குள் ஓடும் வாயு ஏன் இத்தனை சீக்கிரம் கசிந்துவிடுகிறது என்று பார்ப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. அந்த வாயுவின் பெயர் குளோரோபுளோரோகார்பன்.

பத்தாண்டு கழிந்தது. ராமநாதன் அமெரிக்காவில் கிரகங்களின் காற்று மண்டலத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1974இல் ரோலண்ட், மொலீனா என்ற இரு விஞ்ஞானிகள் இதே குளோரோபுளோரோகார்பன் வானத்தின் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று எழுதினார்கள். உலகம் ஓசோனைப் பற்றிப் பேசியது. குளிர்பதனப் பெட்டியிலிருந்து அந்த வாயு எப்படிக் கசியும் என்று நேரில் பார்த்திருந்த ராமநாதன் வேறொன்றைக் கேட்டார். இது அகச்சிவப்புக் கதிரைப் பிடிக்குமா? கணக்குப் போட்டார். அந்த வாயுவின் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் ஏறத்தாழ 10,000 மூலக்கூறுகள் செய்யும் வேலையைச் செய்யும் என்று வந்தது. 1975இல் ‘சயன்ஸ்’ ஆய்விதழ் அதை வெளியிட்டது. பூமியைச் சூடாக்குவது கரியமில வாயு மட்டும்தான் என்ற எண்ணம் அதோடு மாறியது. 1980இல் அவரும் ரோலண்ட் மேடன் என்பவரும் சேர்ந்து, புவி சூடாவது 2000ஆம் ஆண்டுவாக்கில் அளவுகளில் ஐயமின்றித் தெரிந்துவிடும் என்று எழுதினார்கள். தெரிந்தது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஓசோன் ஓட்டை வழியாக வெயில் கூடுதலாக வந்துதான் பூமி சூடாகிறது என்று பெரியவர்களே பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை. ஓசோன் படலம் தடுப்பது தோலைப் பாதிக்கும் புற ஊதாக் கதிரை. போர்வை பிடிப்பது அகச்சிவப்புக் கதிரை. இரண்டும் வேறு வேறு. இரண்டிலும் கைவைத்த குற்றவாளிகளில் ஒன்று ஒரே வாயு என்பதால் வந்த குழப்பம் அது. 1987இல் மாண்ட்ரியால் உடன்பாட்டில் உலக நாடுகள் கூடிக் குளோரோபுளோரோகார்பனைப் படிப்படியாகக் குறைக்க முடிவு செய்தன. ஓசோன் படலம் மெல்ல ஆறிவருகிறது. கூடிப் பேசினால் எதுவும் நடக்காது என்பவர்களுக்குக் காட்ட இந்த ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது.

ஆனால் கைவிட்ட வாயுவுக்கு மாற்றாக வந்தவை ஓசோனைத்தான் விட்டுவைத்தன. சூட்டை விட்டுவைக்கவில்லை. கிளமெண்டியில் எந்தப் புளோக்கையும் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். மாடிக்கு மாடி ஏர்கான் பெட்டிகள் வெளியே தொங்கும். பழைய பெட்டிகள் பலவற்றில் ஆர்-410ஏ என்ற வாயு இருக்கிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் அதன் ஒரு கிலோ, 2,000 கிலோவுக்கு மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமம். புதியவற்றில் வரும் ஆர்-32 என்றால் 675 கிலோ. 2016இல் கிகாலியில் செய்த திருத்தத்தின்படி இவ்வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க உலகம் ஒப்புக்கொண்டது. சிங்கப்பூர் 2022இல் அதில் சேர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரிலிருந்து, கூடுதல் சூடேற்றும் வாயு உள்ள வீட்டு ஏர்கான்களை இங்கே புதிதாக விற்பனைக்குக் கொண்டுவர முடியாது. பழைய பெட்டியைக் கழற்ற வருபவர் குழாயை வெட்டி வாயுவைக் காற்றில் விடுகிறாரா, உருளையில் பிடித்து எடுத்துப் போகிறாரா என்று நின்று பார்ப்பது எந்த வீட்டுப் பிள்ளையும் செய்யக்கூடிய வேலை. ராமநாதன் சம்பளத்துக்குப் பார்த்த அதே வேலை.

இரவு ஒன்பது மணிக்குப் பல வீடுகளில் ஒரே பேச்சு நடக்கும். “பாட்டி, ஏர்கான் போடவா?” “வேண்டாம்ப்பா. சன்னலைத் திற, காத்து வரும்.” “எங்க பாட்டி வருது? வெளியிலேயும் சூடுதான்.” இதில் இருவர் சொல்வதும் சரி. பாட்டி கிளமெண்டிக்குக் குடிவந்த 1970களின் கடைசியில் சன்னலைத் திறந்தால் காற்று வந்திருக்கும். இன்று வெளியே உண்மையிலேயே சூடு கூடுதல். அதில் ஒரு பகுதி உலகச் சூடு. இன்னொரு பகுதி நகரமே உண்டாக்குவது. சிமெண்டும் தார்ச்சாலையும் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவெல்லாம் கக்குகின்றன. வாகனங்கள் கக்குகின்றன. அறைக்குள்ளிருந்து ஏர்கான் உறிஞ்சிய வெப்பமும் எங்கும் மறைந்துவிடுவதில்லை. பக்கத்து வீட்டுச் சன்னலுக்கு எதிரே கொட்டப்படுகிறது. மரமடர்ந்த பகுதிக்கும் கட்டடம் நெருங்கிய பகுதிக்கும் இரவில் சில டிகிரி வேறுபாடு உண்டு. கிளமெண்டிக் காட்டையொட்டிய பழைய ரயில் பாதையில் மாலையில் நடந்துவிட்டு கிளமெண்டி அவென்யூ 3க்கு வந்தால் கருவி இல்லாமலே அது தெரியும்.

இந்த இரண்டு சூட்டையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம். நகரச் சூட்டை மரம் நட்டும், காற்றோட்டம் விட்டுக் கட்டியும், வெளிர்நிறச் சாயம் பூசியும் சிங்கப்பூர் தானாகவே ஓரளவு குறைத்துக்கொள்ளலாம். உலகச் சூட்டுக்கு அந்த வைத்தியம் செல்லாது. காற்றில் கலந்த கரியமில வாயு எந்த நாட்டிலிருந்து கிளம்பினாலும் உலகெங்கும் பரவிவிடும். அதில் ஒரு பங்கு பல நூறு ஆண்டுகள் தங்கும். குழாயடியில் வைத்த வாளியைப் போன்றது இது. ஆண்டுக்குச் சுமார் 4,000 கோடி டன் கரியமில வாயுவை மனிதர் இந்த வாளியில் ஊற்றுகிறார்கள். ஏறக்குறைய பாதியைக் கடலும் காடும் மண்ணும் இழுத்துக்கொள்கின்றன. மீதி வாளியில் சேர்கிறது. குழாயைச் சிறிது மூடினால் வாளி காலியாகாது. மெதுவாக நிரம்பும், அவ்வளவே. நிரம்புவது நிற்க வேண்டுமானால், ஊற்றுவதும் வெளியேறுவதும் சமமாக வேண்டும். 2050இல் நிகரச் சுழியம் என்று சிங்கப்பூர் அறிவித்திருப்பதன் பொருள் அதுதான்.

சூடு கூடினால் மழை ஏன் கூட வேண்டும்? வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் காற்று சுமார் ஏழு விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். தாங்கியதை ஒருநாள் கொட்டும். கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும். இதைப் புரிந்துகொள்ளக் கிளமெண்டிக்காரர்கள் தொலைவு போக வேண்டாம். புக்கித் தீமாவில் வெள்ளம் அடிக்கடி வந்த காலத்தில், அங்கே பெய்யும் மழையின் ஒரு பகுதியை உலு பாண்டான் கால்வாய்க்குத் திருப்பிவிடும் திட்டத்தை அரசாங்கம் 1972இல் முடித்தது. ஆக, புக்கித் தீமாவில் இடி இடித்தால் கிளமெண்டி ஓரத்துக் கால்வாயில் நீர் ஏறும். 2021 ஏப்ரல் 17ஆம் தேதி பிற்பகல் மழையில் டனர்ன் ரோட்டில் கார்கள் தண்ணீரில் நின்றன. உலு பாண்டான் கால்வாயில் தண்ணீர் நடைபாதை வரை ஏறியது. அந்த ஒரு மழைக்குப் பருவநிலை மாற்றம்தான் காரணம் என்று சொல்வது நேர்மையாகாது. அப்படிப்பட்ட மழை வரும் வாய்ப்பு கூடிவருகிறது என்பதே சரியான பேச்சு.

கால்வாய் நீர் கடைசியில் கடலுக்குத்தான் போக வேண்டும். கடல் பொங்கி நிற்கும் நேரத்தில் பெருமழை பெய்தால் நீர் இறங்க இடமிருக்காது. கடல் மட்டம் உயர்வதற்கு இரண்டு முக்கியக் காரணங்கள். நிலத்தின் மேலுள்ள பனி உருகிக் கடலில் சேர்கிறது. அதோடு, கடல் நீரே சூடாகி விரிகிறது. கடலில் ஏற்கெனவே மிதக்கும் பனி உருகினால் மட்டம் உயராது என்று சொல்லலாம். தண்ணீர் நிறைந்த குவளையில் பனிக்கட்டி உருகி வழிந்ததை யாரும் பார்த்ததில்லை. சிங்கப்பூர் நிலப்பரப்பில் ஏறக்குறைய 30 விழுக்காடு, சராசரிக் கடல் மட்டத்திலிருந்து ஐந்து மீட்டர் உயரத்துக்குள்தான் இருக்கிறது. 2019 தேசிய தினக் கூட்ட உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் கரையோரப் பாதுகாப்புக்கு நூறு ஆண்டுகளில் 100 பில்லியன் வெள்ளியோ அதற்கு மேலுமோ தேவைப்படலாம் என்றார். அந்தப் பொறுப்பு இப்போது பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் இருக்கிறது.

வெப்பம் எல்லார் மேலும் ஒன்றுபோல் விழுவதில்லை. குளிரூட்டிய வகுப்பறையில் அமர்ந்து இதைப் படிப்பவருக்கு 33 டிகிரி ஓர் எண். கட்டுமானத் தளத்தில் கம்பி கட்டும் ஊழியருக்கு அது உடம்பு. அவர்களில் பலர் புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கிளமெண்டியையே இன்னொரு ரயில் பாதையோடு இணைக்கும் குறுக்குத் தீவுப் பாதையின் இரண்டாம் கட்டம் 2032இல் முடிய வேண்டும். அது வெயிலிலும் மழையிலும்தான் உருவாகும். மனிதவள அமைச்சு 2023 அக்டோபர் 24 முதல் வெளிப்புற வேலையிடங்களில் ஒரு விதியைக் கொண்டுவந்தது. வெயில், ஈரப்பதம், காற்று மூன்றையும் சேர்த்து அளக்கும் அளவு ஒன்றை வேலை நேரத்தில் மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். அது 32 டிகிரியைத் தொட்டால் கடும் உடலுழைப்பு செய்வோருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிடம் நிழலில் ஓய்வு. 33ஐத் தொட்டால் 15 நிமிடம். வெறும் வெப்பநிலையை விடுத்து ஈரப்பதத்தையும் ஏன் அளக்கிறார்கள்? உடம்பு குளிர்வது வியர்வை ஆவியாவதால். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியும், ஆவியாகாது. அதனால் பாலைவனத்து 38 டிகிரியைவிடச் சிங்கப்பூரின் 34 டிகிரி சில நேரம் ஆபத்தானது.

இளையர்கள் கேட்கும் மிகக் கடினமான கேள்வி இனிமேல்தான். “உலகம் விடும் வாயுவில் சிங்கப்பூரின் பங்கு 0.1 விழுக்காடுதானே? இங்கே எல்லாவற்றையும் நிறுத்தினாலும் என்ன மாறிவிடும்?” இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிடுவது தவறு. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே கணக்கை ஆளுக்கு என்று வகுத்துப் பார்த்தால் வேறு முகம் தெரியும். சிங்கப்பூரில் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 10 டன். இந்தியாவில் ஆளுக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு. இங்கே அந்த 10 டன்னில் பெரும்பகுதி ஆலைகளும் மின்நிலையங்களும் விடுவது. எண்ணெய் சுத்திகரித்து உலகுக்கு விற்கும் ஊர் இது. மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. காற்றாலைக்கு வேண்டிய காற்றோ, அணைகட்ட ஆறோ கிடையாது. சூரியத் தகடு பரப்ப இடமும் போதாது. ஆகவேதான் 2019இல் டன்னுக்கு 5 வெள்ளியில் தொடங்கிய கரிம வரி, 2024இல் 25 வெள்ளியாகி, 2026க்கு 45 வெள்ளி என்று ஏற்றப்பட்டது. பெரிய ஆலைகளின் முடிவுகளை மாற்றுவது இப்படிப்பட்ட விலைதான், பள்ளிச் சுவரொட்டி அல்ல.

வீட்டில் செய்வதற்கு ஒன்றுமே இல்லையா? உண்டு. ஆனால் எது பெரிது, எது சிறிது என்று தெரிந்து செய்வது நல்லது. பேரங்காடியில் பிளாஸ்டிக் பைக்கு 2023 ஜூலையிலிருந்து காசு வாங்குகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலை மறுத்துவிட்டதாலேயே பருவநிலையைக் காத்துவிட்டதாக எண்ணுவது தன்னை ஏமாற்றிக்கொள்வது. பிளாஸ்டிக் முதலில் குப்பைச் சிக்கல், கடல்வாழ் உயிர்களின் சிக்கல். வாயுக் கணக்கில் அது சிறிய வரி. ஓர் ஏர்கான் சராசரியாக அரை கிலோவாட் இழுத்து எட்டு மணி நேரம் ஓடினால் 4 யூனிட் மின்சாரம். இங்கே ஒரு யூனிட்டுக்கு 0.4 கிலோ என்று வைத்தால் ஓர் இரவுக்கு 1.6 கிலோ கரியமில வாயு. ஓராண்டுக்குச் சுமார் 580 கிலோ. 50 வாட் மின்விசிறிக்கு அதே கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 60 கிலோ வராது. சென்னைக்குப் போய்வரும் ஒரு விமானப் பயணத்தில் ஒருவர் பங்கு சில நூறு கிலோ. அதற்காகப் பாட்டன் ஊருக்குப் போகாதே என்று யாரும் சொல்லப் போவதில்லை. அளவு தெரிந்திருக்கட்டும். 2024இல் வீவக வீடுகளுக்குக் கிடைத்த 300 வெள்ளிப் பருவநிலைப் பற்றுச்சீட்டும், மின்சாரம் குறைவாக இழுக்கும் சாதனங்களை நோக்கி மக்களைத் தள்ளத்தான்.

கடைசியாக, 2024 ஜனவரியில் சிங்கப்பூர் வானிலை ஆய்வாளர்கள் வெளியிட்ட மூன்றாவது தேசியப் பருவநிலை ஆய்வு. 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் இதுவரை ஆண்டுக்குச் சராசரியாக 21.4. நூற்றாண்டின் இறுதியில் அது 41 நாளாகவும் இருக்கலாம், 351 நாளாகவும் இருக்கலாம் என்கிறது ஆய்வு. கடல் மட்டம் 2100க்குள் 1.15 மீட்டர் வரையிலும் 2150க்குள் சுமார் 2 மீட்டர் வரையிலும் உயரலாம். 41க்கும் 351க்கும் நடுவே இத்தனை பெரிய இடைவெளியா, விஞ்ஞானிகளுக்கே தெரியவில்லையா என்று பலர் சிரித்தார்கள். அவர்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அந்த இடைவெளியில் ஒரு பகுதி கணினிக் கணிப்புகளுக்கு இடையே உள்ள வேறுபாடு. பெரும்பகுதி, உலகம் எவ்வளவு எரிக்கப் போகிறது என்பது. விரைவில் குறைத்தால் சிறிய எண்ணின் பக்கம். இப்படியே கூட்டிக்கொண்டு போனால் பெரிய எண்ணின் பக்கம். எந்தப் பக்கம் என்று இயற்பியல் சொல்லாது. ஆலைகளும் அரசாங்கங்களும் அவற்றைத் தேர்ந்தெடுப்பவர்களும் எடுக்கப்போகும் முடிவு அது.

2011இல் கிளமெண்டியில் பிறந்த பிள்ளைக்கு 2100இல் 89 வயது. 2023 மே மாதம், அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவான அந்த வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு 77.